நாச்சியார் பிடித்த கொடுவா

வாளித் தண்ணீரில் ஒரு பொம்மை மீனை முன்னும் பின்னுமாக இழுத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறான் கொம்பையா. விரல் நீளப் பிளாஸ்டிக் மீன்; வயிற்றிலும் வாலிலும் கொக்கிகள். உயிர் மீனைப்போல நெளிகிறதா, ஒரு பக்கமாகச் சாய்கிறதா என்று குனிந்து கவனிக்கிறான். பென்னலூரில் நான்கு குடித்தனங்களுக்குப் பொதுவான குளியலறை அது. வெளியே துண்டோடு நிற்கும் வீட்டுக்காரர் தணிகாசலம் கதவைத் தட்டுகிறார். "இன்னாப்பா, உள்ள மீன் வளக்கிறியா? எனக்கு நேரமாவுது." ஈரப் பொம்மையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, கொக்கி குத்தாமலிருக்க நெஞ்சைக் குழித்தபடி வெளியே வருகிறான். அவனிடம் பை கிழியாத சட்டையே கிடையாது.

ஒரகடத்தில் கார் உதிரிபாகக் கம்பெனி ஒன்றில் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டுகிறான். சங்கரன்கோவில் பக்கத்துக் கரிசல்காட்டுக்காரன். இங்கே வேலைக்கு வந்தபிறகுதான் கடலைப் பார்த்தான். ஷிப்ட் நண்பர்கள் கோவளத்துக்குக் கூட்டிப் போனார்கள். புழு வேண்டாம், வலை வேண்டாம்; பொம்மையை வீசி, ரீலைச் சுற்றி, ஒரு பெரிய மீனை நம்பவைக்கும் அந்த வித்தை அவனுக்குத் தலைக்கேறிவிட்டது. விடுமுறை என்றால் விடியுமுன்பே பைக் கிளம்பிவிடும். சிங்கப்பெருமாள் கோவில் தாண்டியதுமே, காற்று எந்தப் பக்கம் என்று பார்க்கக் கன்னத்தைத் திருப்பிக்கொள்வான். "கொடுவா மீனு பசிக்கு மட்டும் கடிக்காதுல்லா. கோவத்துக்கும் கடிக்கும்" என்பான், ஏதோ கூடப் பிறந்தவனைப் பற்றிச் சொல்வதுபோல.

அவன் மனைவி நாச்சியாருக்குச் சுங்குவார்சத்திரத்துப் பக்கம் எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் வேலை. கடுகைவிடச் சின்னத் திருகுகளை நாள் முழுக்க நின்றபடியே மாட்ட வேண்டும். அவள் ஷிப்டும் அவன் ஷிப்டும் ஒத்துவருவதில்லை. ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவதே அபூர்வம். முந்தின வருஷம் மழை ஓய்ந்து, கோவளத்தில் உப்பங்கழி உடைத்துக்கொண்டு கடலோடு சேர்ந்திருந்த சமயத்தில், இருவருக்கும் ஒரே நாளில் விடுமுறை வந்தது. தானும் வருவதாகச் சொன்னாள். அங்கே ஒதுங்க நிழல்கூடக் கிடையாதே என்று தட்டிக் கழிக்கப் பார்த்தான். அவள் எலுமிச்சைச் சாதத்தைக் கட்டிக்கொண்டு பைக்கில் ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

கரையோரக் கல்மேல் நிற்கவைத்து வீசச் சொல்லிக்கொடுத்தான். முதலில் பொம்மை காலடியிலேயே விழுந்தது. வெயில் ஏறுவதற்குள் கை பழகிவிட்டது. மெல்ல இழுத்தாள், நிறுத்தினாள், மறுபடி இழுத்தாள். தண்ணீர் பொளேரென்று பிளந்தது. தூண்டில் கம்பு வில்லாக வளைய, ரீல் கிறீச்சிட, நாச்சியார் வாய்விட்டுச் சிரித்தாள்.

அப்போது அந்தக் கொடுவா தண்ணீரைவிட்டு எழும்பித் துள்ளியது. அதன் பருமனைப் பார்த்ததும் கொம்பையாவுக்குப் பதற்றம் பிடித்துக்கொண்டது. "குடுட்டி, நரம்பு அந்துரப் போவுது" என்று கம்பைப் பிடுங்கினான். அவள் உடனே விட்டுவிடவில்லை. விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துத்தான் வாங்க வேண்டியிருந்தது. அந்த நேரத்தில் அது அவனுக்கு உறைக்கவில்லை.

மீனைக் கரை சேர்த்தான். அக்கம்பக்கம் நின்றவர்கள் கை தட்டினார்கள். நெஞ்சோடு அணைத்துப் படம் எடுத்துக்கொண்டான். நண்பர்களின் வாட்ஸ்அப் குழுவில் அன்று முழுக்க அவன் பேச்சுதான். நாச்சியார் சண்டை எதுவும் போடவில்லை. வீட்டுக்கு வந்து குழம்புகூட வைத்தாள். அதற்குப் பிறகு அவன் எந்த மீனைக் கொண்டுவந்தாலும், அரிவாள்மனையை எடுத்துப் போட்டுக்கொண்டு ஒரே ஒரு கேள்வி கேட்பாள்: "யாரு பிடிச்சது?" கேலி இருக்காது, காய் என்ன விலை என்று கேட்பதுபோலத்தான் இருக்கும். 'நான்தான்' என்று சொல்வதற்குள் அவனுக்கு நாக்கு கூசிப்போகும்.

மன்னிப்புக் கேட்க அவனுக்குத் தெரியவில்லை. அவள் கைக்குத் தோதாக மெல்லிய கம்பு ஒன்று வாங்கி வந்தான். அது மாதக்கணக்கில் கதவுக்குப் பின்னால் சாய்ந்து கிடந்தது. கூப்பிடும்போதெல்லாம் அவளுக்கு ஓவர்டைம் இருந்தது, தலைவலி இருந்தது, துவைக்கத் துணி இருந்தது. வண்டியின் ஸ்டீயரிங்கைப் பிடிக்கும்போதெல்லாம் அவள் விரல்களைப் பிரித்தது ஞாபகத்துக்கு வருகிறது என்று கூட வேலைபார்க்கும் வேல்ராஜிடம் சொல்லியிருக்கிறான். "மீனு போனா போயிருக்கட்டும்னு விட்டிருக்கணும். கடல்ல வேற மீனா இல்ல?"

போன மாதம், அவன் கேட்காமலேயே, "நாளைக்கு லீவு. அந்தக் கம்ப எடுத்து வைங்க" என்றாள். காரணம் கேட்க அவனுக்குத் துணிச்சல் வரவில்லை.

கோவளத்தில் அவன் தன் கம்பைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை. நாலு எட்டுத் தள்ளியே நின்றான். வெகுநேரம் ஒன்றும் இல்லை. பிறகு மீன் அடித்தது. பெரிய மீன். அது கற்குவியலை நோக்கி ஓடுவதை அவள் கவனிக்கவில்லை, அவன் கவனித்துவிட்டான். கம்பை வலப்பக்கமாகச் சாய்த்தால் மீனைத் திருப்பிவிடலாம். சொல்ல வாயெடுத்தவன், கைகளை அக்குளில் இறுக்கிக்கொண்டு பல்லைக் கடித்தபடி நின்றான். தூண்டில் நரம்பு கல்லில் உரசி அறுந்தது. வளைந்திருந்த கம்பு நிமிர்ந்துகொண்டது.

நாச்சியார் வெறும் நரம்பைச் சுற்றி முடித்துவிட்டுத் திரும்பினாள்.

"கல்லுக்குப் போவுதுன்னு ஒங்களுக்குத் தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது."

"சொல்லியிருக்கலாம்லா."

பிடுங்கக் கூடாது என்பதை மட்டும்தான் இத்தனை நாளும் மனப்பாடம் செய்து வைத்திருந்தான்.

அவள் கல்மேல் உட்கார்ந்து கம்பை மடியில் குறுக்காகப் போட்டு, ஒரு கையால் அதன் பிடியை இறுகப் பற்றிக்கொண்டாள். மறு கையால் அறுந்த நரம்பின் நுனியைத் தேடி எடுத்து, வேறு பொம்மை கட்டித் தரச் சொல்லி, அவனிடம் நீட்டினாள்.