கிண்ணியாவிலிருந்து வந்த ஊத்தைப் பஞ்சு

பிள்ளைகளே, போன மார்கழி மழைக்குப் பிறகு பெரியவளுக்கு டெங்குக் காய்ச்சல் வந்து, டவுன் ஆஸ்பத்திரியில் ஒரு கிழமை வைத்திருந்தோம் அல்லவா? அந்த நாட்களில் கப்பல்துறையில் நம் வீட்டு மீன்தொட்டியில் நடந்ததை நான் உங்களுக்கு முழுதாகச் சொன்னதில்லை. நேரில் சொல்லப் பலமுறை வாயெடுத்தேன். ஒவ்வொரு முறையும் கதை வேறு பக்கம் போய்விட்டது. அதனால் எழுதுகிறேன். நான் பத்தாம் வகுப்போடு நின்றவன். எழுத்துப் பிழைகளைப் பெரியவள் திருத்தட்டும். நடந்ததை மட்டும் திருத்த வேண்டாம்.

அம்மா ஆஸ்பத்திரியில் பெரியவளோடு தங்கினாள். சின்னவளைச் சித்தி வீட்டில் விட்டோம். நான் வேலைக்குப் போய்வந்து, பின்னேரம் பார்வையாளர் நேரத்துக்குப் பஸ் பிடித்து டவுனுக்குப் போவேன். முதல் நாள், ஊசி ஏற்றிய கையைத் தலையணைமேல் வைத்துக்கொண்டு பெரியவள் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"அப்பா, நான் வரும்வரைக்கும் மீனை ஆர் பாக்கிறது?"

"நான் பாக்கிறன்."

"பதினொண்டும் இருக்கோணும்."

"பதினொண்டும் இருக்கும், நீ படு."

கப்பி எட்டு, ஏஞ்சல் இரண்டு, கண்ணாடியைச் சூப்பிக்கொண்டே திரியும் சக்கர் மீன் ஒன்று. மூன்று வருடமாகப் பெரியவள் ஒரு குறையும் இல்லாமல் வளர்த்த மீன்கள். ஒவ்வொரு சனிக்கிழமையும் முற்றத்தில் ஒரு வாளி பைப் தண்ணீர் பிடித்து வைப்பாள். மறுநாள் தொட்டியிலிருந்து ஒரு வாளி அள்ளிச் செடிக்கு ஊற்றிவிட்டு, பிடித்து வைத்ததைத் தொட்டியில் ஊற்றுவாள். ஏன் அப்படி என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. ஏதோ பிள்ளை விளையாட்டு என்று நினைத்திருந்தேன்.

இரண்டாம் நாள் பெரியவளின் இரத்தத்தில் ஏதோ குறைந்துகொண்டே போகிறது என்றார்கள். காலையும் மாலையும் குத்திப் பார்த்தார்கள். பக்கத்தில் நின்று பார்ப்பதைத் தவிர எனக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை. கையால் உழைத்தே பழகியவனுக்கு அது பெரிய தண்டனை. மகளுக்குச் செய்ய ஏலாததை அவளுடைய மீனுக்காவது செய்வோம் என்று மனம் சொல்லிக்கொண்டிருந்தது.

சனிக்கிழமை நம் ஒழுங்கையில் எல்லாரும் நுளம்பு வேட்டையில் இறங்கினார்கள். சிரட்டை, டயர், பூச்சட்டி எல்லாவற்றையும் கவிழ்த்தோம். போன சனி பெரியவள் பிடித்து வைத்து, காய்ச்சல் வந்ததால் ஊற்றாமல் முற்றத்தில் விட்டிருந்த வாளியையும் நான்தான் கவிழ்த்தேன். அப்போது முன்வீட்டு அக்கா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "வெளியில சிரட்டையைக் கவிட்டு என்ன செய்யிறது? உள்ளுக்க குளமெல்லோ கட்டி வச்சிருக்கிறியள்" என்றா. பகிடிக்குத்தான் சொன்னா. ஆனால் எனக்குச் சுருக்கென்றது. என் பிள்ளையைக் கடித்த நுளம்பு இந்தத் தொட்டியிலிருந்துதான் வந்ததோ என்று ஒரு பயம் பிடித்துக்கொண்டது. மீன் இருக்கிற தண்ணீரில் நுளம்புக் குஞ்சு மிஞ்சாது, மீனே தின்றுவிடும் என்று அப்போது எனக்கு யாரும் சொல்லவில்லை.

உள்ளே போய்த் தொட்டியைப் பார்த்தேன். அடியில் பரப்பிய கல்லெல்லாம் மண்ணிறம். பின்பக்கக் கண்ணாடியில் பாசி. தண்ணீரை வடிகட்டக் காற்றுக்குழாய் செருகி வைத்த பஞ்சைத் தொட்டால் வழவழவென்று இருந்தது. உங்களுக்குத் தெரியும், சீனக்குடாப் பக்கம் படகுகளைக் கரையில் ஏற்றி, அடியில் ஒட்டிய சிப்பியையும் பாசியையும் சுரண்டி, வர்ணம் பூசுவதுதான் என் தொழில். இருபது வருடமாக வழவழப்பைக் கண்டால் என் கை சும்மா இருக்காது. பாசி படகுக்கு எதிரி. அதை ஒரு பொட்டும் விடாமல் எடுத்தால்தான் மேற்பார்வையாளர் தலையாட்டுவார். மீன்தொட்டியும் அப்படித்தான் என்று நினைத்தேன்.

மீன்களைப் பிடித்து ஒரு சட்டியில் விட்டேன். தண்ணீரை முழுக்க இறைத்தேன். கண்ணாடியைச் சுரண்டினேன். கல்லை அரிசி களைவதுபோல ஏழு தண்ணீரில் களைந்தேன். பஞ்சைச் சவுக்காரம் போட்டுக் கசக்கிப் பிழிந்து வெயிலில் காயவைத்தேன். பிறகு பைப்பில் ஓஸைச் செருகி, நேரே தொட்டிக்குள் தண்ணீர் விட்டு நிரப்பி, பஞ்சையும் மீன்களையும் திரும்ப உள்ளே விட்டேன். வெறும் காற்றை வைத்ததுபோல அவ்வளவு தெளிவு. பெரியவள் வந்து பார்த்தால் எப்படிச் சந்தோஷப்படுவாள் என்று கொஞ்ச நேரம் முன்னால் நின்று நானே பார்த்தேன்.

மறுநாள் காலை இரண்டு கப்பிகள் மிதந்தன. மற்றவை எல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. பசியாக்கும் என்று இன்னும் கொஞ்சம் தீன் போட்டேன். தின்னவில்லை. திங்கட்கிழமை தண்ணீர் சோறு வடித்த கஞ்சிபோல மங்கிவிட்டது. ஒரு ஏஞ்சல் மூலையில் சாய்ந்து நின்றது. சரியாகக் கழுவவில்லைப்போல, போய்வந்து இன்னொரு முறை கழுவிவிட வேண்டியதுதான் என்று முடிவு செய்துகொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

பெரியவள் நித்திரை. நான் அம்மாவின் காதுக்குள் விஷயத்தைச் சொன்னேன்.

"இஞ்ச பாருங்கோ, இப்ப அவளுக்கு ஒண்டும் சொல்லிப்போடாதேங்கோ" என்றாள் அம்மா. "கண் முழிச்சா முதல் கேக்கிறது மீனைத்தான்."

பக்கத்துக் கட்டிலில் ஒரு தாய் இருந்தா. கிண்ணியாவைச் சேர்ந்த முஸ்லிம் பெண். நாலைந்து வயது மகளுக்கு இதே காய்ச்சல். அந்தப் பிள்ளையின் நிலைமை அன்றைக்கு நம் பிள்ளையைவிட மோசம். மணிக்கொரு முறை வந்து பார்த்துப் போனார்கள். அந்தத் தாய் இரண்டு இரவாகக் கண் மூடவில்லை என்று அம்மா முன்பே சொல்லியிருந்தாள். அவ எங்கள் பக்கம் திரும்பினா.

"குறை நினைக்காதீங்க அண்ணன், காதில விழுந்திட்டு. தண்ணி எவ்வளவு மாத்தின?"

"முழுக்க."

"பஞ்ச என்ன செஞ்ச?"

"சவுக்காரம் போட்டுக் கழுவினனான் தங்கச்சி. வடிவாக் கழுவினனான்."

அவ தலையில் கை வைத்தா. அந்தக் களைப்பிலும் சிரிப்பு வந்துவிட்டது. "ஒரு ஊரையே கழுவி ஊத்திட்டீங்களே அண்ணன்" என்றா.

அவவின் கணவர் வீட்டுக்குப் பின்னால் சீமெந்துத் தொட்டி கட்டி, அழகு மீன் வளர்த்துக் கடைகளுக்குக் கொடுப்பவராம். தொட்டிகளைப் பார்ப்பது பெரும்பாலும் இவதானாம். பிள்ளையின் காலைத் தடவிக்கொண்டே எனக்கு விளங்கப்படுத்தினா. மீனின் கழிவும் தின்னாமல் விட்ட தீனும் தண்ணீரில் நஞ்சாக மாறும். அந்த நஞ்சைத் தின்று தீர்க்கிற, கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் பஞ்சிலும் கல்லிலும்தான் ஒட்டி இருக்கும். மாதக்கணக்கில் வளர்ந்த அந்த வழவழப்பைத்தான் நான் ஊத்தை என்று கழுவிவிட்டேன். போதாததற்குப் பைப் தண்ணீரில் கிருமி கொல்ல மருந்து போட்டிருக்கும். அதை ஒரு நாள் வாளியில் வைத்து ஆறவிடாமல் நேரே விட்டால், மீனின் செவுளையும் எரிக்கும், மிச்சம் இருந்த அந்த உயிர்களையும் கொல்லும்.

"அதுகள் பசியில வாய் திறக்கல்ல அண்ணன். மூச்சு முட்டித் திறக்குது. தீனை நிப்பாட்டுங்க."

பெரியவள் ஏன் வாளி வைத்தாள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அதைக் கவிழ்த்த கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

"நான் படகு சுரண்டுறவன் தங்கச்சி. பாசியைக் கண்டா விடமாட்டன்" என்றேன், ஏதோ நியாயம் சொல்வதுபோல.

"படகு தண்ணிக்கு மேல ஓடுற சாமான். மீன் தண்ணிக்குள்ள குடியிருக்கிற சீவன். குடியிருக்கிறவன்ட வீட்டச் சுரண்டலாமா?"

இன்னொரு முறை கழுவப் போகிறேன் என்று நான் சொன்னதும், அவ சிரிப்பை நிறுத்திவிட்டு நேராக என் முகத்தைப் பார்த்தா. "கழுவினீங்கண்டா நாளைக்கு ஒண்டும் மிஞ்சாது. நம்மட பிள்ளட வாப்பாவுக்குச் சொல்றன். நாளைக்கு வருவார்" என்று போனை எடுத்தா. அன்று வீட்டுக்குப் போனதும் பிடித்து வைத்திருந்த குடிதண்ணீரில் ஒரு வாளி மாத்திரம் மாற்றச் சொன்னா. அப்படியே செய்தேன்.

மறுநாள் பின்னேரம் அந்தக் கணவர் ஒரு கையில் மனைவிக்குச் சாப்பாட்டுப் பார்சலும், மறுகையில் தண்ணீர் நிறைந்த ஒரு பொலித்தீன் பையுமாக வந்தார். பைக்குள் ஒரு பஞ்சு. கறுப்பு என்றால் கறுப்பு, சேறு தோற்றுப்போகும். தன் தொட்டியில் ஓடிக்கொண்டிருந்த பஞ்சைக் கழற்றி, அதே தொட்டித் தண்ணீரோடு கட்டிக்கொண்டு வந்திருக்கிறார். மகளை எட்டிப் பார்த்துவிட்டு என்னிடம் தந்தார்.

"காய விடாதீங்க. வெயில் காட்டாதீங்க. பைப் தண்ணி ஒரு துளியும் படக் கூடாது. நேரே தொட்டியில போட்டுக் காத்தக் குடுங்க."

நான் சட்டைப் பையில் கை விட்டேன். அவர் என் கையைப் பிடித்துத் தள்ளினார். "ஊத்தைக்கு ஆராவது காசு வாங்குவானா அண்ணன்? வெளியில தெரிஞ்சா சிரிப்பானுகள்."

பஸ்ஸில் அந்தப் பையை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். கொண்டக்டர் மூக்கைச் சுருக்கினார். "என்ன அண்ணே, குளத்தையே அள்ளிக்கொண்டு போறியள்?" பக்கத்தில் இருந்தவர் கொஞ்சம் தள்ளி இருந்துகொண்டார். நான் பையின் முடிச்சை இன்னும் இறுக்கிப் பிடித்தேன். இருபது வருடம் சுரண்டி எறிந்த சாமானை, சிந்திவிடக் கூடாதே என்று பொத்திப் பிடித்து வந்தது அன்றைக்குத்தான்.

தொட்டியில் போட்டதும் ஒன்றும் உடனே மாறிவிடவில்லை. புதன்கிழமை காலை ஏஞ்சல் சாய்ந்தபடிதான் நின்றது. நான் தீன் போடவில்லை. ஒரு நாள் ஆறவைத்த தண்ணீரில் ஒரு வாளி மாற்றினேன். வாளி வாயை அம்மாவின் பழைய சேலைத் துண்டால் கட்டி வைத்தேன், நுளம்புக்காக. அதுவும் அந்தத் தாய் சொல்லித் தந்ததுதான். வியாழன் காலை மீன்கள் நடுத் தண்ணீருக்கு இறங்கியிருந்தன. ஏஞ்சல் நிமிர்ந்து நின்றது. நான் தேத்தண்ணீரைக் கதிரையில் வைத்துவிட்டுத் தொட்டிக்கு முன்னால் நிலத்தில் குந்திவிட்டேன். அன்று பத்து மணிக்கு அம்மா போன் எடுத்து, பிள்ளையை வீட்டுக்கு விடுகிறார்கள் என்றாள்.

கூட்டிவரப் போனபோது பக்கத்துக் கட்டில் பிள்ளை எழும்பி இருந்து பிஸ்கட் கடித்துக்கொண்டிருந்தது. தாய் கட்டில் கம்பியில் சாய்ந்தபடி நித்திரை. எழுப்ப மனம் வரவில்லை. பெயர் கேட்கவும் இல்லை. அந்தப் பிள்ளையின் தலையை மட்டும் தடவிவிட்டு வந்தேன்.

பெரியவளே, நீ வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றுமுன் தொட்டிக்கு முன்னால் போய் எண்ணினாய். ஒன்பது. இரண்டு கப்பி செத்துப்போய்விட்டது என்றேன். ஏன் என்று கேட்டாய். தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை என்றேன். பொய் இல்லை, ஆனால் முழு உண்மையும் இல்லை. அதற்கு நீ, "பாவம் அப்பா, தனிய என்ன செய்திருப்பீங்கள்" என்று என் கையைப் பிடித்தாய். நீ திட்டியிருந்தால் அன்றைக்கே சொல்லியிருப்பேன். நீ ஆறுதல் சொன்னபடியால்தான் சொல்ல முடியாமல் போய்விட்டது. இப்போது சொல்லிவிட்டேன். நீ வைத்த வாளியைக் கவிழ்த்தவன் நான்.

அதற்குப் பிறகுதான் நானும் உன்னோடு ஞாயிற்றுக்கிழமைகளில் தொட்டி பார்க்கத் தொடங்கினேன். நீ தண்ணீர் மாற்றுகிறாய். பஞ்சைப் பைப்பில் காட்டாமல், அள்ளி எடுத்த தொட்டித் தண்ணீரிலேயே மெல்ல இரண்டு தரம் அமுக்கி எடுப்பது என் வேலை. கல்லையும் பஞ்சையும் ஒரே நாளில் தொடுவதில்லை. முன் கண்ணாடியை மட்டும் துடைக்கிறேன். மற்றப் பக்கங்களின் பாசியைச் சக்கர் மீனுக்கு விட்டுவிட்டேன். சின்னவளே, நீ அள்ளிப் போடும் தீனைத்தான் இன்னும் என்னால் குறைக்க முடியவில்லை. ஒரு நுள்ளு போதும், மகள். உடனே தின்று முடிக்கிற அளவு.

போன மாதம் நீங்கள் இருவரும் பள்ளிக்கூடம் போயிருந்தபோது, அம்மாவும் வீட்டில் இல்லாத ஒரு காலை, டவுனில் வாங்கிய புதுப் பஞ்சு ஒன்றைத் தொட்டியின் பின்மூலையில் செருகி அதற்கும் காற்றுக் கொடுத்தேன். இப்போது அதுவும் நல்ல கறுப்பாகிவிட்டது, கழற்றிக் கொடுத்தாலும் நம் மீன்களுக்கு ஒரு குறையும் வராது. யாருக்கு என்று எனக்குத் தெரியாது. ஆனால் தன் பிள்ளை படுக்கையில் கிடக்கும்போதும் பிறத்தியாரின் மீனுக்கு மூச்சு முட்டுவதைக் கேட்க ஒருவரால் முடிந்தது என்றால், நம் வீட்டிலும் கொடுப்பதற்கு ஒன்று எப்போதும் ஊறிக்கொண்டிருக்க வேண்டும் என்றுதான் அதை வைத்தேன்.