சத்தமே வராதும்மா

எங்கள் கடையில் மாடி ஏறியதும் இடது பக்கம் மின்விசிறிகள், அது என் இடம். வலது பக்கம் மிக்ஸி, அது அக்காவின் இடம். நடுவில் ஒரு ஆள் நடக்கிற வழி மட்டும்தான். கடையில் சின்னவர் பெரியவர் எல்லோருக்கும் அவள் மிக்ஸியக்கா. சொந்தப் பெயர் மேனேஜருக்கே மறந்திருக்கும்.

அவள் வேலை அரைத்துக் காட்டுவது. கடை திறந்ததும் மேசையைத் துடைத்து, ஐஸ்கட்டி, மிளகு, பழத்துண்டுகள் எல்லாம் தட்டில் எடுத்து வைப்பாள். யாராவது அந்தப் பக்கம் திரும்பினால் போதும். "வாங்கம்மா, வாங்கறீங்களோ இல்லையோ, சும்மா பாத்துட்டுப் போங்க" என்று பிடித்துக்கொள்வாள். மூடிமேல் கையை அழுத்தி விசையைத் திருப்புவாள். ஐஸ்கட்டி மணலாகும், மிளகு தூளாகும், பழம் சாறாகும். சாறைச் சின்னக் காகிதக் கோப்பையில் ஊற்றிக் கொடுப்பாள். குடித்தவர்களில் பாதிப் பேர் பெட்டியோடு இறங்குவார்கள், மீதிப் பேர் ஓசியில் இன்னொரு கோப்பை கேட்பார்கள்.

"கை வலி மிச்சம், நேரம் மிச்சம். மிச்சமாகிற நேரம் உங்களுக்கும்மா" என்பாள். அது பொய் இல்லை. அவள் வீட்டில் மிக்ஸி வாங்கிய பிறகு அவளுக்கும் நேரம் மிச்சமானது. "அதான் சமையல் சீக்கிரம் முடியுதே, வீட்ல சும்மாதானே உக்காந்திருக்க" என்று அவளை வேலைக்கு அனுப்பிவைத்தார் அவள் வீட்டுக்காரர், மகராசன். மிக்ஸி மிச்சம் பிடித்துக் கொடுத்த நேரத்தை அவள் இங்கே வந்து மிக்ஸியோடு நின்றே கழித்தாள்.

வாங்க வருகிறவர்களின் கேள்விகளும் மாறாது, வரிசையும் மாறாது. விலை என்ன, எத்தனை ஜார், கேரண்டி எவ்வளவு. கடைசியில், "சத்தம் வருமா?"

"சத்தமே வராதும்மா. பக்கத்து ரூம்ல குழந்தை தூங்கினாக்கூட முழிக்காது."

இது சுத்தப் பொய். அந்த மிஷின் ஓடினால் எதிரே நிற்கிற எனக்குச் சாயங்காலம் தலை தெறிக்கும். அதன்மேலேயே கை வைத்து நாள் முழுக்க நிற்கிறவளை நினைத்துப் பாருங்கள். ஆரம்பத்தில் அவள் காதில் பஞ்சு வைத்துக்கொண்டாள். மேனேஜர் பார்த்துவிட்டார். "ஏம்மா, காதுல பஞ்ச வெச்சிக்கிட்டு சத்தமே வராதுன்னா, வர்றவங்க சிரிக்க மாட்டாங்க?" அன்றைக்கே பஞ்சை எடுத்துவிட்டாள்.

காது எப்போது போக ஆரம்பித்தது என்று அவளுக்கே தெரியாது. நான் கவனித்தது, மிஷினை நிறுத்திய பிறகும் அவள் கத்திப் பேசுவதைத்தான். "டீ குடிக்கலாமா" என்று கேட்பதே ஊருக்கு அறிவிப்பு மாதிரி இருக்கும். கிண்டல் செய்வேன். அப்புறம்தான் அவள் என் கண்ணைப் பார்க்காமல் வாயையே பார்ப்பதைக் கண்டேன், கிண்டல் நின்றது. வாடிக்கையாளர்களிடம் மட்டும் மாட்டவில்லை. கேள்வி வரிசைதான் மாறாதே, உதடு அசைந்து முடிந்ததும் அடுத்த பதிலைச் சொல்லிவிடுவாள்.

வீட்டில் அந்த வித்தை பலிக்கவில்லை. "கூப்பிட்டா காதுல வாங்கறதே இல்ல, சம்பாதிக்கற திமிரு" என்றார் மகராசன். அவள் மகள் கூப்பிடுவதையே விட்டுவிட்டாள், ஏதாவது வேண்டுமானால் வந்து தோளைத் தட்டுவாளாம். "அவ பாடுவாடி" என்றாள் அக்கா ஒருநாள், சாப்பாட்டு டப்பாவை மூடிக்கொண்டே. "இப்பப் பாடறாளா இல்லையான்னு தெரியல. கேட்டா மூஞ்சியத் தூக்கி வெச்சிக்குவா, அதான் கேக்கல."

நான்தான் இழுத்துக்கொண்டு டாக்டரிடம் போனேன். பெரிய சத்தத்தில் வருஷக்கணக்காக நின்றதால் வந்தது, போன கேட்கும் திறன் திரும்பாது, கீச்சென்ற ஒலிகள்தான் முதலில் போகும், காதுக்கு மிஷின் வைத்தால் ஓரளவு சமாளிக்கலாம் என்றார். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "கடைல சொல்லாத. வேலை போச்சுன்னா நாள் பூரா அந்த மனுஷன் மூஞ்சியத்தான் பாக்கணும்." காதும் காதும் வைத்த மாதிரி நானும் இருந்தேன்.

அந்தச் சமயம்தான் மேனேஜர் ஒரு கேமராக்காரரைக் கூட்டி வந்து அவள் பேசுவதைப் படம் எடுத்தார். "நம்ம மத்த கடைங்கள்லயும் போடப் போறோம். உன்ன மாதிரி பேச ஆளில்ல." அக்கா அன்றைக்கு முகம் கழுவிப் பவுடர் போட்டு, கடைப் புடவையை இரண்டு தடவை மடிப்பு வைத்துக் கட்டினாள். எனக்கும் பெருமைதான். முட்டாள்தனம்.

ஒரு விடுமுறை நாள். மாடி முழுக்கக் கூட்டம். காட்டுவதற்கு வைத்திருந்த ஜாரின் அடியில் பிளேடைத் தாங்குகிற புஷ் தேய்ந்து காய்ந்து கிடந்திருக்கிறது. விசையைத் திருப்பியதும் 'கீச்ச்' என்று ஒரு சத்தம், பல்லெல்லாம் கூசியது. எல்லோரும் காதைப் பொத்தினார்கள். இடுப்பில் இருந்த ஒரு குழந்தை வீறிட்டது. கீழேயிருந்து ஆட்கள் ஏறி வந்தார்கள். அக்கா மூடிமேல் கை வைத்தபடி சிரித்த முகமாக நின்றாள். காதைப் பொத்தியவர்களைப் பார்த்தும் அவளுக்கு விளங்கவில்லை, வழக்கமான சத்தத்துக்கே சிலர் பொத்துவார்கள். "பாத்தீங்களா, சத்தமே வராதும்மா" என்றாள்.

முதலில் சிரித்தார்கள், வேடிக்கை காட்டுகிறாள் என்று. அவள் மறுபடியும் சொன்னாள். சிரிப்பு நின்றது. நான் குறுக்கே ஓடிப் பிளக்கைப் பிடுங்கினேன். அவள் என் வாயைப் பார்த்தாள். பிறகு என் கையிலிருந்த பிளக்கைப் பார்த்தாள். தெரிந்துகொண்டாள்.

மேனேஜர் அறையில் அவள் கெஞ்சவில்லை. "காதுக்கு மிஷின் வெச்சிக்கறேன் சார். முடிய இப்படி இழுத்துவிட்டா தெரியாது" என்று முடியை இழுத்துக் காட்டினாள். அவர் அவளுக்குக் கேட்கவேண்டும் என்று கத்தினாரோ, கோபத்தில் கத்தினாரோ, மாடி முழுக்கக் கேட்டது. "அன்னைக்குப் பஞ்சு, இன்னைக்கு மிஷினா? அத மாட்டிக்கிட்டு நீ நின்னா என் மிக்ஸிய எவன் வாங்குவான்?"

அவள் காதைத் தின்றது அந்த மேசை. அதைச் சொல்ல எனக்கும் வாய் இருந்தது, ஆனால் எனக்கும் வேலை வேண்டியிருந்தது.

மறுவாரம் அவள் இடத்தில் பெரிய திரை ஒன்றை மாட்டினார்கள். காலை முதல் ராத்திரி வரை அதில் அக்காதான் பேசினாள். திரைக்கு டீ வேண்டாம், லீவு வேண்டாம், காது வேண்டவே வேண்டாம். அவளை அனுப்பிவிட்டு அவளை வைத்தே வியாபாரம். கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துப்போனது, எரிச்சலாகவும் வந்தது. ஒவ்வொரு தடவை அவள் "வாங்கம்மா" என்னும்போதும் தலை தன்னால் அந்தப் பக்கம் திரும்பியது.

கடைப் புடவையைத் திருப்பிக் கொடுக்க ஒருநாள் வந்தாள். துவைத்து, இஸ்திரி போட்டு, பையில் வைத்துக் கொண்டுவந்திருந்தாள். காதில் மிஷின் இல்லை. "கூன் விழுந்த கிழவியா நீ, அதுக்குச் செலவான்னுட்டாரு எங்க வீட்டுக்காரரு" என்றாள். மாடி ஏறியதும் திரையைப் பார்த்து அப்படியே நின்றாள். பவுடர் போட்ட அக்கா ஐஸ்கட்டியை அரைத்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு முன்னால் ஒரு குடும்பம் ரசித்துப் பார்த்துக்கொண்டிருந்தது. யாரும் இவளை அடையாளம் கண்டுகொள்ளவில்லை.

திரையின் உதடுகளையே பார்த்து, கூடவே தன் உதட்டையும் அசைத்தாள். பிறகு என் பக்கம் திரும்பி, கடையே திரும்பிப் பார்க்கிற மாதிரி கேட்டாள்.

"ஏண்டி, இதுக்குச் சத்தம் வெச்சிருக்காங்களா?"

முழுச் சத்தத்தில் ஓடிக்கொண்டிருந்தது. ஆமாம் என்று தலையாட்டினேன்.