பாடகர் வராத இசை மாலை

இதை ஒருவரும் நம்பப்போவதில்லை என்று கொல்லிமலை மேல் சத்தியம் செய்துவிட்டுத்தான் தொடங்குகிறேன். என் புளுகைக் கேட்டுப் பழகிய நீங்கள் நம்பிவிட்டால் எனக்குத்தான் அவமானம்.

போன செவ்வாய்க்கிழமை எருமப்பட்டியில் முடி வெட்டிக்கொண்டிருந்தேன். பாதித் தலை முடிந்தபோது போன் வந்தது. என் அக்கா மகன் நல்லமுத்து, சேந்தமங்கலத்து மைக் செட்காரர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழவில்லையாம். நாற்பத்தாறு வயது. மீதித் தலையை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன். இழவு வீட்டில் வேறு ஊர்க்காரர் கட்டிய ஒலிபெருக்கி கரகரத்துக்கொண்டே இருந்தது. அதைச் சரிசெய்யத் தெரிந்த ஒரே ஆள் கண்ணாடிப் பெட்டிக்குள் படுத்திருந்தார்.

அவர் ‘ஹலோ, மைக் டெஸ்டிங்’ சொல்லாமல் இந்தச் சீமையில் ஒரு தாலியும் ஏறியதில்லை. எப்படியும் பத்து லட்சம் கல்யாணம் இருக்கும். “சத்தமே இல்லாத நேரத்தையும் ரெண்டு வாட்டி டெஸ்ட் பண்ணிப் பாக்கோணுமுங்க மாமா” என்பார்.

மூன்று வருடங்களுக்கு முன்பு அவருக்கு ஓர் ஆசை வந்தது. பாட்டு இல்லை, தாளம் இல்லை, முன்கூட்டி யோசித்த ஸ்வரமும் இல்லை. அந்தந்த நொடியில் தோன்றுகிற ஓசையைக் காற்றில் மெல்லப் பரப்ப வேண்டும். லாரிப் பட்டறையில் கழித்துப்போட்ட ஸ்பிரிங் பட்டைகளைக் கொண்டுவந்து கயிற்றில் தொங்கவிட்டு, சின்ன மைக்குகளை ஒட்டினார். ‘இசை மாலை’ என்று நோட்டீஸ் அடித்தார். கல்யாண மண்டபம் நிரம்பிவிட்டது.

ஐந்து மணிக்கு பிடில் வில்லால் ஒரு பட்டையை இழுத்தார். கொல்லிமலை நாலடி நகர்ந்து வந்து ஜன்னலில் காதை வைத்தது. நாமக்கல் கோழிகள் அத்தனையும் முட்டையை அடக்கிக்கொண்டு நின்றன. மனிதர்கள் மட்டும் பேசிக்கொண்டிருந்தார்கள். வாசிப்பவர் மைக் செட்காரர் அல்லவா? அப்படியென்றால் அது டெஸ்டிங். முக்கால் மணி நேரம் மரியாதையாகக் காத்திருந்தார்கள்.

முன்வரிசையில் ஒருவர் எழுந்தார். “ஏனுங்க, பாடறவீங்க எப்ப வருவாங்க?”

என் நாக்கு சும்மா இருக்குமா? “வண்டி இன்னும் ஓமலூரே தாண்டலீங்க! டெஸ்டிங்கே இத்தனை நேரம்னா, கச்சேரிக்குப் பாய் தலகாணியோட வாங்க சாமி!” என்று கத்தினேன்.

மண்டபம் உருண்டு சிரித்தது. நல்லமுத்துவும் சிரித்தார். பிறகு சுவிட்சை அணைத்தார்.

கூட்டம் கலைந்த பின் ஒயரைச் சுருட்டிக்கொண்டே கேட்டார்: “மாமா, நீங்களாச்சும் கேட்டீங்களா?”

“நான் தூங்கிட்டனே மாப்ள.”

“பரவால்லீங்க. ஒருத்தருக்காச்சும் தூக்கம் வந்துதே.”

அதற்குப் பிறகு அவர் யாருக்காகவும் வாசிக்கவில்லை. பட்டைகள் பழைய இரும்போடு போயின. “அன்னிக்கு வந்தது அன்னிக்கே போயிரோணுமுங்க” என்று பதிவும் செய்யாமல் விட்டிருந்தார். போய்விட்டது. அவரைத் தெரிந்தவர்களே, நாம் எல்லோரும் அங்கேதான் உட்கார்ந்திருந்தோம்.

மலை நகர்ந்தது பொய். கோழி பொய். பத்து லட்சமும் பொய். தூங்கினேன் என்று அவரிடம் சொன்னது எல்லாவற்றிலும் பெரிய பொய். ஐந்தே முக்கால் வாக்கில் ஒரு பட்டையின் ஓசை தாழ்ந்து தாழ்ந்து, அற்றுப்போகும் இடத்தில் இன்னொன்று அதை ஏந்திக்கொண்டது. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. பக்கத்தில் இருப்பவர் பார்த்துவிடுவாரோ என்றுதான் கத்தினேன். நல்லமுத்துவிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது அந்த ஓசை மட்டும்தான்.

நான் கேட்டேன். இத்தனை புளுகில் அந்தச் சின்னத் துண்டு மட்டும் நிஜம். அதை அவரிடம் சொல்ல எனக்கு மூன்று வருடங்கள் இருந்தன.