நானூறு வோல்ட் தாங்கும் குமிழ்

என் மனைவி மாலதிக்கு இடது காது மெல்லப் போய்க்கொண்டிருக்கிறது. கித்தாரை விட வேண்டாம், சத்தத்தைக் குறைத்தால் போதும் என்றார் டாக்டர்.

ஆனால் டியூப் ஆம்பில், அதாவது பழைய ரேடியோபோலக் கண்ணாடிக் குழாய்களால் ஓடும் கித்தார் ஒலிபெருக்கியில், சத்தமாக வைத்தால்தான் அவளுக்குப் பிடித்த அந்த நாதம் வரும். அதனால் நானே ஒன்று கட்டிக்கொண்டிருக்கிறேன். டியூபுக்குப் போகும் வோல்டேஜையே ஒரு குமிழைத் திருப்பிக் குறைத்தால், நாதம் கெடாமல் சத்தம் இறங்கும்.

இன்று அந்தக் குமிழுக்கான பொட்டென்ஷியோமீட்டர் வாங்க, இருவரும் கிள்ளானில் ரயிலேறிக் கோலாலம்பூர் போனோம்.

கடைக்காரர் சின்னதாக ஒன்றை எடுத்து வைத்தார். "அரை வாட், பாஸ். கித்தார் ஆம்புக்கு எல்லாரும் இதான் போடுறாங்க லா."

"வால்யூமுக்கு இது போதும் அண்ணே. நான் கேக்குறது நானூறு வோல்ட் லைன்ல உட்காரணும். வாட் பத்தும், வோல்ட் பத்தாது."

"இருநூத்தம்பதுக்கு மேல நம்மகிட்ட இல்ல பாஸ். போட்டுப் பாருங்களேன், ஒன்னும் ஆகாது."

மாலதி என் பக்கம் திரும்பினாள். "இதைப் போட்டா என்னங்க ஆகும்?"

"கொஞ்ச நாள் ஓடும். அப்புறம் உள்ளயே பொறி அடிச்சுக் கருகிடும்."

"நான் கை வைக்கிற குமிழ்தானே அது?"

தலையசைத்தேன். கடைக்காரர் அதை எடுத்து டப்பாவில் போட்டுவிட்டார்.

வெறுங்கையோடு திரும்பினோம். ரயிலில், வலது காது என் பக்கம் இருக்கும்படி இடம் மாறி உட்கார்ந்தாள்.

"அவசரப்படாதீங்க," என்றாள். "ஆனா ரொம்ப லேட்டும் பண்ணிடாதீங்க."

வீடு வந்ததும் இதை எழுத உட்கார்ந்தேன்.

பாதுகாப்புக்குக் கொஞ்சம் கூடுதலாக, ஐநூறு வோல்ட் தாங்கும் ஒரு மெகா ஓம் பொட்டென்ஷியோமீட்டர் யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள். கோலாலம்பூரையும் தாண்டிச் செலாயாங் வரைக்கும்கூட வருவேன். மாலதியும் வருவாள், கேள்விகளுக்குத் தயாராக இருங்கள்.