அவளிடம் இருப்பவை

என் கைபேசியில் ஒரு பட்டியல் வைத்திருந்தேன். தலைப்பு, 'அவளிடம் இருப்பவை'. முதலாவது, இத்தாலியக் கடவுச்சீட்டு. என்னைப்போல், பெர்மெஸ்ஸோ என்ற வதிவிட அனுமதியைப் புதுப்பிக்கக் குவெஸ்தூரா பொலிஸ் அலுவலக வாசலில் விடியற்காலையில் நின்றவள் அல்ல அவள். இரண்டாவது, நோயாளிகள் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். என்னை வெறும் 'சிஞ்ஞொரீனா', அதாவது மிஸ், என்றார்கள். மூன்றாவது, தலைமுடி. ஒன்பதாவதில் எழுத வராமல் நின்றேன். எதுவும் வேண்டாததுபோல் இருக்கும் அந்த முகத்துக்கு என்ன பெயர்?

பலெர்மோவில் ஒரு டயாலிசிஸ் நிலையத்தில் நானும் அவளும் இயந்திரங்களைப் பராமரித்தோம். இருவருக்கும் தற்காலிக ஒப்பந்தம். ஒருவரைத்தான் நிரந்தரமாக்குவார்கள். எனக்கு வேலை போனால் பெர்மெஸ்ஸோவும் சிக்கலாகும். அவள் ரோமிலிருந்து வந்த யூதப் பெண். ஸ்தாசியோனே சென்ட்ராலே ரயில் நிலையத்துக்குப் பின்னால் ஒற்றை அறையில் இருந்தாள். ரயில் சத்தம் தொந்தரவில்லையா என்று கேட்டேன். அலாரம் வைக்கத் தேவையில்லை என்று சிரித்தாள்.

மலசலகூடத்திலிருந்து வந்து கை கழுவியதும் ஏதோ முணுமுணுப்பாள். ஒருநாள் பொறுக்காமல் கேட்டேன். பேசியது இத்தாலியனில், என் நினைவில் அது எங்கள் தமிழாகவே இருக்கிறது.

"கடவுளுக்கு நன்றி சொல்லுறன்."

"எதுக்கு, தண்ணி வந்ததுக்கோ?"

"உடம்பிலை திறக்கவேண்டியது திறந்து, மூடவேண்டியது மூடி இருக்குதே, அதுக்கு. எங்கட ஆக்கள் ஒவ்வொரு முறையும் சொல்லவேணும். இஞ்சை வேலை செய்துகொண்டு சொல்லாமல் இருக்க ஏலுமோ?"

கண்ணாடிக்கு அப்பால் ஆறு நோயாளிகள் சாய்ந்திருந்தார்கள். நான்கு பேருக்கு வருடக்கணக்காகச் சிறுநீர் போனதில்லை.

வீட்டில் அக்காவிடம் சொன்னேன். அவள் லிபெர்த்தா தெருவில் ஒரு பணக்கார அம்மாவின் வீட்டைத் துப்புரவாக்கிவிட்டு வந்து கால் நீட்டியிருந்தாள்.

"ஒண்டுக்குப் போனதுக்கும் நன்றியோ? அப்ப நீ என்னத்துக்கடி மூஞ்சையைத் தூக்கி வைச்சிருக்கிறாய்? உனக்கும் போகுதுதானே!"

அடுத்த வாரம் அது நடந்தது. இயந்திரங்களைக் கிருமிநீக்கித் திரவத்தால் கழுவியபின், மிச்சம் நோயாளியின் இரத்தத்தில் கலந்துவிடும் என்பதால், அது இல்லையென்று சோதனைத்தாளை நனைத்துப் பார்க்கவேண்டும். நான் மூன்று இயந்திரங்களை முடித்திருந்தேன். நடைபாதையில் நிலையப் பொறுப்பாளர் அவளோடு எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தார். அவர்களையே பார்த்தபடி, நனைக்காமலே நாலாவதற்குப் பதிவுத்தாளில் சரி போட்டேன்.

பிறகு அவ்வழியே கடந்துபோன அவள் வழக்கம்போல் ஒரு சோதனைத்தாளை நனைத்தாள். நிறம் மாறியது, திரவம் மிச்சமிருந்தது. யாரையும் கூப்பிடாமல் மறுபடி கழுவினாள். நோயாளி அரை மணிநேரம் காத்திருந்தார்.

"நாலாவதைத் திருப்பிக் கழுவியிருக்கிறன். இப்ப சரி" என்று மட்டும் என்னிடம் சொன்னாள். கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். "ஓகே" என்றேன். நன்றி சொல்லவில்லை.

இரண்டு நாள் கழித்துப் பொறுப்பாளர் என்னைத் தனியாக அழைத்தார்.

"அண்டைக்குக் காத்திருந்த ஐயா முறைப்பாடு செய்திருக்கிறார். உங்கட பதிவுத்தாளிலை நாலாவது சரியெண்டு கிடக்குது. பிறகேன் அவ திருப்பிக் கழுவினவ? கேட்டால், சந்தேகமா இருந்ததாம். இப்பிடி நேரத்தை வீணாக்கிற ஆளை நிரந்தரமாக்க ஏலுமோ?"

அவள் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. அதுவும் அவளிடம் இருந்தது, என்னிடம் இல்லை. நான் தலையாட்டினால் போதும், வேலை எனக்கு. கையில்லாக் கதிரையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நாலாவது இயந்திரத்துக்குரிய அந்த மனிதரின் கையில் ஊசி ஏறும் இடத்தை நினைத்தேன்.

"நான் சோதிக்காமல் சரி போட்டனான். அவதான் கண்டுபிடிச்சவ."

பதிவுத்தாளை என் பக்கம் தள்ளினார். நடந்ததை அதிலேயே எழுதிக் கையெழுத்திடச் சொன்னார்.

வெள்ளிக்கிழமை, நிரந்தர வேலை அவளுக்குக் கிடைத்தது. எனக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதமும் ஆறு மாத நீட்டிப்பும். பொறாமை போகவில்லை. ஆனாலும் கோப்பி இயந்திரத்தருகே அவளைப் பிடித்தேன்.

"பிழை என்ரை எண்டு அவரிட்டைச் சொல்லிப்போட்டன். உனக்கு நன்றியும் சொல்லவேணும்."

"ஒண்டையே ரெண்டுதரம் சொல்லுறாய். எங்கட ஹீப்ருவிலை ஒப்புக்கொள்ளுறதுக்கும் நன்றி சொல்லுறதுக்கும் ஒரே சொல்லுத்தான். லெஹோதோத்."

நான் நாட்கணக்காக விழுங்கியதை அவளுடைய ஆட்கள் ஒரே சொல்லில் வைத்திருந்தார்கள். எரிச்சலோடு அதைச் சொல்லிப் பார்த்தேன். உச்சரிப்புப் பிழை என்று திருத்தினாள்.