பெட்டியில் ஏறிய வாட்ச்மேன்

நேற்று வண்டி துடைக்கப் பழைய பனியன் ஒன்றை எடுத்து உதறினேன். அதன் நெஞ்சில் முழங்காலைக் கட்டிக்கொண்டு குந்தியிருந்தார் பழனிச்சாமி அண்ணன். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

இரண்டாயிரங்களின் தொடக்கம். நெருப்பெரிச்சல் என்ற ஊரில் ஒரு பனியன் பிரிண்டிங் யூனிட்டில் நான் புது மெர்ச்சண்டைசர். பேர்தான் பெரிசு, வேலை என்னவோ ஃபோன் எடுப்பதும் திட்டு வாங்குவதும். என் முதல் ஆர்டர் ஜாவாவிலிருந்து வந்தது. அந்த ஊர்க் குறுவாளைப் பனியனில் அச்சடிக்க வேண்டும். நெளிநெளியான அலகு, அது தொடங்கும் இடத்தில் ஓர் உருவம். ஒன்றில் கிரீடம் வைத்த நாகம், ஒன்றில் சிங்கம், ஒன்றில் குந்தியிருக்கும் மனிதர்.

"இது திரும்பி வந்துச்சுன்னா நீயும் ஊட்டுக்குப் போயிரு கண்ணு" என்றார் முதலாளி, பாசமாகத்தான்.

ஜாவாப் பெயர்கள் யார் வாயிலும் நுழையவில்லை. நாகம் நாகாத்தாள் ஆனது, சிங்கம் சிங்கராசு. மூன்றாவதைப் பார்த்ததும் திருநெல்வேலிக்காரச் செல்வி அக்கா கூவினார்: "ஏட்டி, இது நம்ம வாட்ச்மேன்லா!" கேட்டில் ஸ்டூல்மேல் குந்தியிருக்கும் பழனிச்சாமி அண்ணனேதான், அச்சு அசல். அன்றிலிருந்து "வாட்ச்மேனைக் காயப்போடு", "வாட்ச்மேனுக்கு மூக்குல கலர் அப்பிருச்சு" என்று ஒரே அமளி. பாவம், அவர் "கூப்ட்டீங்ளா?" என்று ஒவ்வொரு முறையும் ஓடிவருவார்.

இந்தக் கூத்தில் நான் செய்ததைக் கேளுங்கள். அட்டைப்பெட்டிகளின் மேலும் கொட்டை எழுத்தில் வாட்ச்மேன் என்றே எழுதி அடுக்கிவிட்டேன்.

சரக்குப் பார்க்க ஜாவாக்கார அம்மா வந்தார். "யார் இந்த வாட்ச்மேன்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். முதலாளி என்னைப் பார்த்த பார்வையில் ஈரப் பிரிண்டே காய்ந்திருக்கும். வேலை போச்சு என்று முடிவுகட்டி, கேட்டைக் கைகாட்டினேன். அண்ணன் வழக்கம்போல் முழங்காலைக் கட்டிக்கொண்டிருந்தார். அந்த அம்மா அவரைப் பார்த்தார், பனியனைப் பார்த்தார், விழுந்து விழுந்து சிரித்தார். அந்த உருவத்துக்கு அங்கே புத்துட் என்று பெயராம். குருவின் குறுவாளுக்குப் பக்கத்திலேயே தவமாக உட்கார்ந்து காவல் காத்த சீடனாம்.

"பெயர் சரிதான்" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். அண்ணனுக்கும் ஒரு பனியன் கொடுத்தார். அவர் யூனிபார்முக்கு மேலேயே மாட்டிக்கொண்டு, "என்ற மேல நானே உக்காந்திருக்கனுங்க!" என்று டேபிள் டேபிளாகக் காட்டிவந்தார்.

இப்போது அந்த யூனிட்டில் மெஷின்தான் அச்சடிக்கிறது. டிசைனுக்கெல்லாம் நம்பர், யாரும் பேர் வைப்பதில்லை. கேட்டில் கேமரா இருக்கிறது, ஸ்டூல் இல்லை. அண்ணன் இறந்ததே எனக்கு ஆறு மாதம் கழித்துத்தான் தெரிந்தது. அது இன்னும் உறுத்துகிறது.

என்னிடம் இருப்பது மூக்கு அப்பிய ரிஜெக்ட் பீஸ். அதை மடித்து பீரோவில் வைத்துவிட்டேன். வண்டி அழுக்காகவே நிற்கிறது.