கணவாயில் ஒரு பாய்மரப் படகு

தொப்பூர்க் கணவாயில், லாரிகள் முனகிக்கொண்டு இறங்கும் வளைவில், ஒரு சாப்பாட்டுக் கடையின் முன்னால் பழைய பாய்மரப் படகு நிற்கிறது. எந்த லாரியோ இறக்கிவிட்டுப் போனதாம். நீச்சல் தெரியாத நான் அதை வாங்கிப் புதுப்பிக்க வந்திருக்கிறேன். எந்த மாடல், எந்த ஆண்டு என்று தெரிந்தால்தான் அளவான பாய் தைக்க முடியும். தெரியாவிட்டால் இது விறகு. அந்த விவரம் பின்புறப் பித்தளைத் தகட்டில் இருக்க வேண்டும். தகடு தங்கமாக மின்னுகிறது. ஓர் எழுத்துகூட மிச்சமில்லை. என் வழுக்கைதான் தெரிகிறது.

“வருசா வருசம் ஆயுதபூசைக்குப் புளி போட்டுத் தேய்ப்பனுங்க,” என்கிறார் கடைக்கார அம்மா, பெருமையாக. “லாரியோ படகோ, வண்டி வண்டிதானுங்களே.”

உள்ளே ஏறித் தேடுகிறேன். பக்கப் பலகையில் இன்னொரு சிறு தகடு, பச்சைக் களிம்பேறிக் கிடக்கிறது. விரலால் தடவினால் எழுத்துகள் தட்டுப்படுகின்றன, கடைசியில் நான்கு இலக்கங்களும்.

“கிடைச்சிருச்சு!” என்று கத்திவிடுகிறேன். கத்தியிருக்கக் கூடாது.

அம்மா எட்டிப் பார்த்துக் கூசிப்போகிறார். “அய்யய்யோ, இது கண்ணுலயே படலீங்க சார்! இவ்வளவு அழுக்காவா வெச்சிருந்தேன்? இருங்க, ஒரே நிமிசம்.”

அவர் புளியோடு திரும்புவதற்குள், அந்தத் தகட்டை முதுகால் மறைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறேன்.